புல்லில் உறங்கும் பருந்துகள்

பருந்து எங்கே உறங்கும் என்று கேட்டால், உயர்ந்த மரத்திலோ மலைமுகட்டிலோ உறங்கும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். நானும் நாற்பது வயது வரையில் அவ்வாறே எண்ணியிருந்தேன். தரையில், அதுவும் ஆடு மேய்கிற புல்லுக்குள், கௌதாரியைப் போலப் பதுங்கி உறங்கும் பருந்தினம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் அது மத்திய ஆசியாவிலிருந்து நம் கொங்கு நாட்டுக்கு வந்து சேருகிறது. அதனை எண்ணுவதற்கென்றே சிலர் மாலை வேளையில் வேலியோரத்தில் காத்துக் கிடக்கிறார்கள். அந்தச் சிலரில் ஒருவன் என்ற முறையில்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் இருக்கிறது மூலனூர். பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். மழை குறைந்த பூமி. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, இங்கே வந்து சேரும்போது ஈரத்தையெல்லாம் மலைக்கு அப்பால் கொடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் கொண்டுவருகிறது. அந்த வேகத்தை நம்பியே இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் எழுந்தன. இளைஞர்களில் பலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். ஊரில் எஞ்சுகிறவர்கள் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆடுமாடுகளுமே.

இந்தப் பூமிக்கே உரிய ஒரு நிலவகை இருக்கிறது. அதற்குக் கொறங்காடு என்று பெயர். வெளியூர் நண்பர்கள் 'காடு' என்ற சொல்லைக் கேட்டதும் புலியும் யானையும் உலவும் இடமென்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். கொறங்காடு என்பது தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். நுழைவதற்கு ஒரு படல். ஒரு குடும்பத்துக்கு இப்படி நாலைந்து பகுதிகள் இருக்கும். ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றை ஆறவிடுவார்கள். வேலமரம் உதிர்க்கும் நெற்றைச் செம்மறி தின்னும். அதன் புழுக்கையே நிலத்துக்கு எரு. நாடெங்கும் புகழ்பெற்ற காங்கயம் காளைகள் இந்தப் புல்லை மேய்ந்து வளர்ந்தவைதாம். யாரும் உழாத, யாரும் நீர் பாய்ச்சாத இந்த நிலத்தை வெறும் தரிசு என்று எண்ணுவோர் உண்டு. தரிசு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழாமல் காப்பதும் ஒரு வேளாண்மையே.

இங்கே வருகிற பறவைக்குத் தமிழில் பூனைப்பருந்து என்று பெயர் வழங்குகிறது. அதன் முகம் ஆந்தையின் முகத்தைப் போல வட்டமாக அமைந்தது. புல்லுக்குள் எலி நடக்கும் சிற்றொலியைக் கூட அந்த வட்ட முகம் சேர்த்துக் காதுக்கு அனுப்பும். மற்றப் பருந்துகள் வானத்தில் வட்டமிடும்போது, இது புல்லின் தலையைத் தொட்டும் தொடாமலும், சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி விரித்து, இப்படியும் அப்படியும் சாய்ந்து சாய்ந்து செல்லும். கீழே வெட்டுக்கிளியோ ஓணானோ வானம்பாடியோ அகப்பட்டால் சட்டென்று விழுந்து பற்றிக்கொள்ளும். இந்த இனத்தில் நம் பக்கத்துப் புல்வெளிகளுக்கு வருபவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று மாண்டேகு என்ற பறவை ஆராய்ச்சியாளர் பெயரைத் தாங்கியது. மற்றொன்று வெளிர்நிறப் பூனைப்பருந்து. இரண்டிலும் வளர்ந்த ஆண் சாம்பல் நிறம். மாண்டேகு ஆணின் சிறகில் குறுக்கே ஒரு கருங்கோடு ஓடும். மற்றதற்குச் சிறகு நுனியில் மட்டும் ஆப்பு வடிவில் கருமை இருக்கும். பெண்ணும் இளையதும் பழுப்பு நிறம், இடுப்பில் வெள்ளைப் பட்டை. மாலை மங்கலில் இந்தப் பழுப்புப் பறவைகளைப் பார்த்து, இது இன்ன வகையென்று தயங்காமல் சொல்கிறவரைக் கண்டால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம் வரும்.

இவை கசகஸ்தான் முதலிய நாடுகளின் அகன்ற புல்வெளிகளில் கோடையில் குஞ்சு பொரித்து, அங்கே பனி விழுமுன் தெற்கே புறப்படுகின்றன. எடை அரைக்கிலோவுக்கும் குறைவு. பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். புல்வெளியில் பிறந்து, புல்வெளியைத் தேடிப் பறந்து, புல்வெளியிலேயே உறங்கும் வாழ்வு.

உலகத்தில் பல இடங்களில் வேட்டைப்பறவைகளின் வலசையை மலைமுகட்டில் அமர்ந்து எண்ணுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. கழுகும் பெரும்பருந்தும் சிறகடித்தே ஆயிரக்கணக்கான மைல் செல்ல முடியாது. உடம்பின் கொழுப்பெல்லாம் தீர்ந்துவிடும். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் சுழன்று ஏறி, அங்கிருந்து சறுக்கியபடி இறங்கி, மீண்டும் அடுத்த காற்றில் ஏறிச் செல்வதே அவற்றின் பிரயாண முறை. கடல்மேல் அத்தகைய காற்று எழாது. ஆகையால் அவை கடலைச் சுற்றிக்கொண்டு, மலைத்தொடரை ஒட்டி, குறுகிய வழிகளில் நெருக்கியடித்துச் செல்கின்றன. கருங்கடலின் கிழக்குக் கரையில் ஜார்ஜியா நாட்டின் பதூமி நகரத்தருகே ஓர் இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப்பறவைகள் கடந்து போவதை எண்ணியிருக்கிறார்கள். மெக்ஸிகோவில் வேராக்ரூஸ் பகுதியில் இதைப்போலப் பல மடங்கு. நம் நாட்டில் இமயத்தின் தென்சரிவில், தரம்சாலாப் பக்கத்தில், புல்வெளிக் கழுகுகள் ஆயிரக்கணக்கில் கிழக்கு மேற்காகச் செல்வதைக் கண்டு எண்ணினார்கள்.

மூலனூரில் அப்படி ஒரு முகடு கிடையாது. அதுவன்றிப் பூனைப்பருந்து சிறகடித்தும் பறக்க வல்லது. மற்றவற்றைப் போல ஒரே பாதையில் திரளாமல் பரவலாக வரும். பகல் முழுவதும் ஒரு வேலியோரத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டோ மூன்றோ காணலாம். சில நாளில் ஒன்றும் காணாமல் திரும்பலாம். ஆனால் பகலில் ஆளுக்கொரு திசையில் இரை தேடும் இந்தப் பறவைகள், பொழுது சாயும்போது எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வந்து, குறிப்பிட்ட ஒரு புல்வெளியில் கூடி உறங்குகின்றன. பக்கத்தில் அதே போன்ற புல்வெளி பத்து இருந்தாலும், அவை தேர்ந்தெடுப்பது ஒன்றையே. ஆகவே நம் பக்கத்தில் எண்ணிக்கைக்குரிய நேரம் மாலை. எண்ணிக்கைக்குரிய இடம் படுக்கை.

இந்தியாவில் இவ்வகைப் படுக்கைகளில் மிகப் பெரியது குஜராத் மாநிலத்தில் வேளாவதர் என்னுமிடத்தில், வெளிமான்களுக்கான தேசியப் பூங்காவில் இருந்தது. ஓரிரவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூனைப்பருந்துகள் அங்கே உறங்கியதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆந்திரத்தில் ரோல்லபாடு புல்வெளியும் இதற்குப் பெயர் பெற்றது. இப்படிப் பல மாநிலங்களில் பலர் பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த மாலைக் கணக்குகளைப் பெங்களூரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒன்றுசேர்த்து, 2018ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுக் கணக்கில் பறவைகளின் தொகை குறைந்து வந்திருப்பதாகவே அது காட்டியது. அந்தக் கணக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு வேலியோரத்தில் உட்கார்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மூலனூருக்குத் தெற்கே ஒரு பெரியவரின் கொறங்காட்டில் பூனைப்பருந்துகள் இறங்குகின்றன என்று என் மாணவன் ஒருவன்தான் வந்து சொன்னான். அவன் அங்கே ஆடு மேய்ப்பவன். "ஆந்தை மூஞ்சி வச்ச பருந்துங்கய்யா, பொழுதோட வந்து படுக்குது" என்றான். மறுநாள் மாலையே நாலைந்து பிள்ளைகளுடன் போய் அமர்ந்தேன். மேற்கே சூரியன் காற்றாலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு சாம்பல் நிற ஆண், வேலிக்கு மேலாக ஓசையில்லாமல் வந்தது. அதன் பின்னால் பழுப்புப் பறவைகள். அவை உடனே இறங்கிவிடுவதில்லை. புல்லின்மேல் தாழச் சுற்றும், இறங்கும், இறங்கிய இடம் பிடிக்காததுபோல் எழுந்து மறுபடியும் சுற்றும். நன்றாக இருட்டிய பிறகே அசைவு அடங்கும். நான் எண்ணியதில் பதினான்கு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண் ஒருத்தி, "ஐயா, எனக்கு ஒம்பதுதானுங்க வருது" என்றாள்.

நான் சிரித்துவிட்டுப் பதினான்கு என்றே எழுதினேன். ஆசிரியர் கணக்கு தவறாது என்ற எண்ணம் ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொறங்காட்டைச் சூரிய மின்தகடுகள் பதிக்க நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் மகன் திருப்பூரில் இருக்கிறான். மேய்ப்பதற்கு ஆள் இல்லை. மூன்று ஆண்டுகளாக மழையும் சரியில்லை. நல்ல தொகை என்று கேள்வி. பறவையின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அதைக் காட்டி அவரிடம் பேசலாம் என்று என் மனத்துக்குள் ஓர் எண்ணம் ஓடியது. ஒன்பதைவிடப் பதினான்கு பேசுவதற்கு வசதியாக இருந்தது.

அந்தப் பெண் விடவில்லை. மறுநாள் அவளே ஓர் ஏற்பாடு செய்தாள். நிலத்தின் நான்கு மூலைகளிலும் ஆளுக்கொருவரை நிறுத்தி, ஒவ்வொரு பறவையும் வேலியைத் தாண்டி உள்ளே வரும் நேரத்தையும், வெளியே போனால் அந்த நேரத்தையும் குறிக்கச் சொன்னாள். கடைசியில் நால்வர் குறிப்பையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது என் பிழை வெளிப்பட்டது. கிழக்கு வேலியைத் தாண்டிப் போன பறவைகளே தெற்கு மூலை வழியாக மீண்டும் உள்ளே வந்திருந்தன. நான் அவற்றைப் புதியவை என்று இருமுறை எண்ணியிருக்கிறேன். அன்றும் தொகை ஒன்பதே. விடியுமுன் சென்று, புல்லிலிருந்து எழுந்து போகும்போதும் எண்ணினோம். அப்போதும் ஒன்பது.

பதினான்கை அடித்து ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏனுங் வாத்தியாரே, ஒம்பதுன்னா ஒம்பதுன்னு எழுதறதுக்கு என்னங்க? எங்கப்பாரு பட்டியில ஆடு எண்ணுனா, நரி கொண்டுபோனதைச் சேர்த்தா எண்ணுவாரு?" என்றார். சற்று நேரம் கழித்து, "எண்ணுனா மட்டும் அதுக கூடுதலா வந்துருமுங்களா?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்றிரவு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஒரு மலைமுகடு. இலையுதிர் காலத்தில் அதன்மீது பருந்துகள் வரிசையாகக் கடந்து போகும். வேட்டைக்காரர்கள் அங்கே போய் அவற்றை வேடிக்கைக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கோழி தின்னும் பறவை என்று பருந்துமேல் பொதுவாக வெறுப்பு. ஒருவகைப் பருந்தைக் கொன்றால் அரசாங்கமே ஐந்து டாலர் பரிசு கொடுத்தது. 1934ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ரோஸலி எட்ஜ் என்ற அம்மையார் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரோன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். துப்பாக்கி ஓசை நின்றது. காவலுக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. நாள்தோறும் கடக்கும் பறவைகளை எண்ணி எழுதலானார். வெண்தலைக் கழுகு வந்தால் அது முதிர்ந்ததா இளையதா என்பதையும் சேர்த்து எழுதினார். முதிர்ந்ததற்குத் தலை வெள்ளை, இளையது முழுவதும் கருமை; ஆகையால் வேறுபாடு தெளிவு.

இருபது ஆண்டு கழித்து அந்த ஏடு பேசியது. 1935 முதல் 1939 வரை கடந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20 மட்டுமே. 1957ஆம் ஆண்டில் முப்பத்திரண்டு முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகுதான். கழுகுகள் இருக்கின்றன, குஞ்சுகள் இல்லை! இந்தக் கணக்கை ரேச்சல் கார்ஸன் அம்மையார் 1962ஆம் ஆண்டு வெளியான தம் 'மௌன வசந்தம்' நூலில் எடுத்துக்காட்டினார். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிவித்தது. தாய் அடைகாக்க அமர்ந்தாலே முட்டை நொறுங்கியது என்பதெல்லாம் பின்னர் விளங்கின. அந்நாட்டில் 1972ஆம் ஆண்டில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுகள் மெல்ல மெல்லப் பெருகின. அவர் எழுதியபோது இது இதற்குப் பயன்படும் என்று எண்ணி எழுதவில்லை. ஆனால் ஒரு வருஷம் கூட்டியும் ஒரு வருஷம் குறைத்தும் எழுதியிருந்தால், அது எதற்குமே பயன்பட்டிராது.

நம் நாட்டிலும் இது நடந்தது. ராஜஸ்தானில் பரத்பூர்ச் சரணாலயத்தில் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எண்ணிவந்தவர்கள்தாம் 1990களில் அவை மாயமாக மறைவதை முதலில் உணர்ந்தார்கள். மாட்டுக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தே காரணம் என்று 2004ஆம் ஆண்டில் தெரியவந்தது; 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று முக்கியமாக மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே எஞ்சியிருக்கின்றன. பெரியவருக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரிந்தது. தாம் சிறுவனாக இருந்தபோது செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பாறு இறங்கும் என்றும், பிறகு ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

அடுத்த வாரங்களில் அவரே எங்களுடன் வந்து உட்காரலானார். பறவைகள் போன பிறகு வெயிலேறியதும் உள்ளே சென்று, அவை படுத்த இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒரு முழ வட்டத்தில் புல் அமுங்கியிருக்கும். அங்கே விரற்கடை நீளத்தில் சாம்பல் உருண்டைகள் கிடந்தன. செரிக்காத இறகையும் மயிரையும் எலும்பையும் இவ்வினப் பறவைகள் உருட்டிக் கக்கிவிடும். செய்தித்தாளை விரித்து, முள்ளால் பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலும் வெட்டுக்கிளியின் காலும் தாடையும். ஒன்றில் எலியின் பல். "அட, நம்ம காட்டுக் கிளியைத்தான் தின்னுதா!" என்று அவர் வியந்தார். மாணவ நண்பர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: பறவை இறங்கிய பின் எந்தக் காரணத்துக்காகவும் வேலிக்குள் நுழையாதீர்கள். இருட்டில் கலைந்த பறவை அந்த இடத்தையே விட்டுவிடக்கூடும்.

நிலத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பதினான்கு என்று எழுதிய கைக்கு அந்த உரிமை போய்விட்டதாகத் தோன்றியது. அவருக்கும் பணமுடை உண்டு. மகளின் கடன் உண்டு. குத்தகைக்குக் கொடாதே என்று சொல்ல மாதச் சம்பளக்காரனாகிய நான் யார்? தை மாதத்தில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். மேற்குப் பகுதிகள் இரண்டைக் கொடுத்துவிட்டார். பறவை படுக்கும் கிழக்குப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். பறவைக்காகவா, மாட்டுக்காகவா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சித்திரையில் மேற்கே வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டினார்கள். வெள்வேல மரங்கள் போயின. வரிசை வரிசையாகக் கறுப்புத் தகடுகள் வந்தன.

சென்ற ஐப்பசியில் மீண்டும் போய் அமர்ந்தோம். கிழக்குப் பகுதியில் புல் முழங்காலளவு நின்றது. அந்தப் பெண் இப்போது தாராபுரத்தில் மேல்வகுப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் வழக்கம்போல் நான்கு மூலைகளுக்கும் ஆள் பிரித்தாள். முதல் நாள் இருட்டும்வரை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவ்வாறே. "சுழியை எழுதணுமுங்களா ஐயா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். பெரியவர்தான், "எழுது" என்றார். மூன்று நாளும் தேதி போட்டுச் சுழி எழுதினோம்.

நான்காம் நாள் மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்குத் தகடுகளின் மேலாக ஒன்று வந்தது. கிழக்கு வேலியருகே இரண்டு முறை சுற்றி, இறங்கி, எழுந்து, மறுபடியும் இறங்கியது. பழுப்பு நிறம். பெண்ணா இளையதா, எந்த வகை என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்று, பழுப்பு, வகை தெரியவில்லை என்று எழுதினோம்.